குசினிக்கு எந்தப் பக்கம் வாசல்?

மண் மிதிப்பதற்கு இப்போதெல்லாம் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமாம். புக்கிட் பாருவில் இருக்கும் என் பேத்தி போன வாரம் வந்து சொன்னாள். சனி, ஞாயிறு பயிற்சி. களிமண், மூங்கில், வைக்கோல் கொண்டு சுவர் எழுப்பக் கற்றுக்கொடுப்பார்கள். தொப்பியும் மதியச் சாப்பாடும் அவர்களே தருவார்கள். பதினெட்டு பேருக்குத்தான் இடம். "உங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்கும் தாத்தா" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. அது என் மூக்கில்தான் இருந்தது.

எனக்கா புதுசு? நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், மலாக்காவில் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அந்தப் பயிற்சி நடந்தது. பதினாறு பேர் மண் மிதித்தோம். முப்பத்திரண்டு கால்கள் என்று சொல்ல முடியாது. பஸ் கண்டக்டராக இருந்த நண்பர் ஒருவர் சேற்றுப்புண் என்று சொல்லி இடது காலைக் கடைசி வரை வெளியேதான் வைத்திருந்தார். முப்பத்தொன்று.

அப்போது நான் ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கிராணி, கணக்குப்பிள்ளை போல. மூட்டை எண்ணுவது என் வேலை. அண்ணன் வீட்டில் குடியிருந்தேன். பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் ஒரே ஒரு குசினி. அந்தக் குசினியில் அண்ணிக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணி மலாக்கா டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். எதைச் சமைத்தாலும் பிளாச்சான் கொஞ்சம் வறுத்துப் போடாவிட்டால் அவருக்குத் திருப்தி வராது. என் மனைவி ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். தன் சாம்பாருக்குப் பக்கத்து அடுப்பில் அந்த இறால் சாந்து வறுபடுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட நல்லது. பேசாமல் இருந்தார்கள். ஒருவர் குசினிக்குள் போனால் மற்றவர் வெளியே வந்து நிற்பார். நடுவில் நான் இரண்டு சாப்பாட்டையும் சாப்பிட்டு இரண்டையும் பாராட்ட வேண்டியிருந்தது. அந்த வருஷம் என் வயிறு பட்ட பாட்டை இங்கே எழுதுவதற்கில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவி திரும்பி வரவில்லை. பெண் குழந்தை பிறந்து, பெயர் வைத்து, குப்புற விழுந்து, தவழவும் தொடங்கிவிட்டது. நான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாமனார் ஒவ்வொரு முறையும் கோப்பி கொடுத்து, ஒரே பதிலைச் சொன்னார்.

"தனி அடுப்பு இருந்தா அனுப்புறேன் மாப்பிள்ளை. உங்க அண்ணி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா என் மக வாயத் தொறக்காம ஒரு வீட்டுல இருந்தா அவளுக்கு ஒடம்புக்கு ஆகாது."

அவர் சொன்னது உண்மைதான். என் மனைவியைப் பேசாமல் இருக்கச் சொல்வது மீனைக் கரையில் இருக்கச் சொல்வது போல.

அந்த நேரத்தில்தான் எங்கள் வட்டார இளைஞர் மன்றம் இந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. சிரம்பானிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார், மண்ணும் மூங்கிலும் லாலாங் புல்லும் கொண்டு வீடு கட்டும் முறையை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுப்பார், கற்றுக்கொள்பவர்கள் ஒரு சின்னக் கட்டடத்தைத் தாங்களே கட்டி முடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கட்டடத்துக்கு இடம் தருபவர் யார் என்று தலைவர் கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள் என் கை மேலே போய்விட்டது. கொல்லையில் கிணற்றுக்கும் பலாமரத்துக்கும் நடுவில் இடம் இருந்தது. கட்டுகிற கட்டடம் குசினியாக இருக்க வேண்டும், பயிற்சி முடிந்ததும் அது எனக்கே சேர வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மாமனாரிடம் போய், "அடுப்பு தயாராகுது மாமா, திறப்பு விழாவுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டடத்துக்கு அடிக்கல்லே போடாத நிலையில் இப்படி வாக்குக் கொடுத்துவிட்டோமே என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

முதல் ஞாயிறு. பயிற்சியாளர் அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்தார். இளைஞர், உற்சாகம் மிகுந்தவர். வந்ததும் என் கொல்லை மண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார். மணல் கீழே, களி மேலே, நடுவில் வண்டல் என்று அது பிரிந்து நின்றது. பிறகு ஈரமண்ணைத் தேங்காய் அளவு உருட்டித் தோள் உயரத்திலிருந்து கீழே போடச் சொன்னார். உடைந்து சிதறினால் களி போதாது, அப்பளமாகத் தட்டையானால் தண்ணீர் அதிகம். என் கொல்லை மண் இரண்டும் செய்யாமல் கொஞ்சம் நசுங்கி உட்கார்ந்தது. "முதல்தரமான மண்ணு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரை அந்த மண்ணில் ஒரு வெண்டைச் செடிகூட ஒழுங்காக வளர்ந்ததில்லை.

தரையில் பரப்பிய மண்ணில் தண்ணீரும் நறுக்கிய லாலாங்கும் போட்டாயிற்று. மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எங்கள் மன்றத்தில் எதையும் அப்படிச் சட்டென்று தொடங்கிவிட முடியாது. முதலில் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை. பிறகு பயிற்சியாளருக்கு மாலை. பிறகு மாலை போட்டவருக்கு நன்றி. அதன் பிறகு தலைவர் எழுந்தார். தலைவருக்குத் தையல்கடை. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்பவர் என்பதாலோ என்னவோ, நிமிர்ந்து நிற்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்.

"புதிதாகப் பிறந்திருக்கும் இந்த நாட்டில், நம் கைகளால், நம் மண்ணை..." என்று ஆரம்பித்தார். உச்சி வெயில். பதினான்கு பேர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, இரண்டு பேர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மண்ணைச் சுற்றி நின்றோம். அவர் 'ஆகவே' என்ற சொல்லை எட்டாவது முறை சொன்னபோது நான் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டிருந்தது.

"தலைவரே, மண்ணுக்கு உங்க பேச்சு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கல்லா நிக்குது பாருங்க" என்றார் கண்டக்டர்.

அன்றைக்கு மீதி நேரம் முழுவதும், குழைத்த மண்ணை மண்வெட்டியால் கொத்தி உடைத்து மறுபடி குழைத்தோம். நாங்கள் என்ன செய்தாலும் பயிற்சியாளர் குறுக்கே வருவதில்லை. அதுதான் அவருடைய முறை. "நான் சொல்லித் தரமாட்டேன். நீங்களே செஞ்சு, நீங்களே தப்புப் பண்ணி, நீங்களே கண்டுபிடிக்கணும். முடிவு எல்லாம் உங்க கையில" என்பார். யாராவது சந்தேகம் கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். காலை வேளையில் அது நன்றாகத்தான் இருந்தது. இடுப்பு வலிக்க ஆரம்பித்த பிறகு எரிச்சலாக இருந்தது.

அடித்தளத்துக்குச் செம்பாறைக் கல் அடுக்கினோம். இருநூற்றுப் பன்னிரண்டு கல். அதன் மேல் சுவர். செங்கல் இல்லை, அச்சும் இல்லை. பிசைந்த மண்ணை உருண்டை உருண்டையாக வைத்துக் காலாலும் கையாலும் அழுத்தி, முழங்கால் உயரத்துக்கு ஒரு படை எழுப்ப வேண்டும். அது ஒரு வாரம் காயும். அடுத்த ஞாயிறு அதன் மேல் அடுத்த படை. மழை வந்தால் அத்தாப்பு ஓலைத் தட்டியால் மூட வேண்டும். அந்த வாரங்களில் நான் கடையில் மூட்டை எண்ணியதைவிட வானத்தில் மேகம் எண்ணியதுதான் அதிகம்.

இரண்டாவது ஞாயிறு ஒன்பது பேர்தான் வந்தார்கள். உஜோங் பாசிர் பக்கம் ஏதோ பந்து விளையாட்டாம். தலைவர் கவலைப்பட்டார். நானும் கவலைப்பட்டேன், அவரை விட அதிகமாக. அவருக்கு மன்றத்தின் மானம், எனக்கு மனைவியும் பிள்ளையும். கூட்டம் சேர்க்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு பேர் கொண்ட நாலு குழு. ஒரு குழுவுக்கு ஒரு சுவர். எந்தச் சுவர் வெடிப்பில்லாமல், கோணாமல், முழுமையாக நிற்கிறதோ அந்தக் குழுவுக்குப் பரிசு. ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் பூப்போட்ட எனாமல் அடுக்குச்சட்டி ஒன்று, ஐந்தடுக்கு, பரிசாகக் கொடுக்க ஒத்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கும் அவரே சிறப்பு விருந்தினர்.

அடுத்த வாரம் பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். ஐந்தடுக்கின் மகிமை. வீட்டைப் பார்த்த சுவர் தலைவர் குழுவுக்கு. பலாமரப் பக்கம் கண்டக்டர் குழுவுக்கு. கிணற்றுப் பக்கம் எங்கள் குழுவுக்கு. வேலிப் பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த செட்டி நண்பரின் குழுவுக்கு. மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்தவர்கள். பிள்ளையாரை எங்களைவிடப் பக்தியாகக் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். இந்த நண்பருக்குத் தமிழ் நாலைந்து சொற்கள் தெரியும். மன்றத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்து எல்லாச் சொற்பொழிவுகளையும் கடைசி வரை கேட்பவர் அவர் ஒருவர்தான்.

முதல் படை எழும்பும்போதே வாசலுக்கு இடம் விட வேண்டுமே என்று கேட்டேன். கேட்டவுடன் நாலு குழுவும் தத்தம் சுவரின் முன்னால் வந்து நின்றுகொண்டன.

"எங்க சுவத்துல ஓட்டை போட்டா 'முழுமை'க்கு எங்கிட்டுப் போறது?" என்றார் கண்டக்டர். "கிணத்துப் பக்கம் வைங்க. தண்ணி எடுக்கச் சுலபம்."

"கிணத்துப் பக்கம் வச்சா ஈரம் ஏறும்" என்றார் எங்கள் குழுவில் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் குழுவை விட்டுக்கொடுக்க முடியுமா?

பயிற்சியாளரைப் பார்த்தோம். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

தலைவர் கையை உயர்த்தினார். "எதுக்குச் சண்டை? இப்ப நம்ம நாட்டுல ஜனநாயகம் வந்தாச்சு. வோட்டு எடுத்துடுவோம்."

அந்தக் காலத்தில் எங்களுக்கு வோட்டு என்றால் அவ்வளவு ஆசை. கோப்பியா, தேத்தண்ணியா என்பதற்குக்கூட வோட்டு எடுத்திருக்கிறோம். கை எண்ணும் பொறுப்பு வழக்கம்போல என்னிடம் வந்தது. ஒவ்வொரு குழுவும் தனக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்த சுவரில் வாசல் வைக்கச் சொல்லிக் கை தூக்கியது. எண்ணிக் கூட்டினேன். பத்தொன்பது வந்தது. மறுபடி கூட்டினேன். அதே பத்தொன்பதுதான். பதினாறு பேருக்கு எப்படிப் பத்தொன்பது கை? பிறகுதான் கவனித்தேன், செட்டி நண்பர் நாலு சுவருக்கும் கை தூக்கியிருக்கிறார்.

"அண்ணே, ஒரு தடவைதான் தூக்கணும்" என்று மலாயில் விளக்கினேன்.

அவர் நாலு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செமுவா பூன் பாயிக்" என்றார். எல்லாமே நல்ல சுவர்தானாம். ஒருவர் சுவரைச் சொல்லி மற்றவர் மனதைப் புண்படுத்த அவருக்கு விருப்பமில்லை. மறுமுறை வோட்டெடுத்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மூன்று சுவருக்கு நந்நான்கு, ஒரு சுவருக்கு மூன்று. சமநிலை வந்தால் தலைவர் தன் சிறப்பு வோட்டைப் போடலாம் என்று விதி உண்டு. போட்டால் பாரபட்சம் என்பார்கள் என்று பயந்து, "இந்தப் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று அறிவித்துவிட்டார்.

கூட்டத்தை ஒத்திவைக்கலாம். மண்ணை ஒத்திவைக்க முடியாது, காய்ந்துவிடும். ஆகையால் நாலு பக்கமும் சுவர் எழும்பியது.

முதல் படை முழங்கால் உயரம், தாண்டிப் போய் வந்தோம். இரண்டாவது படை வந்ததும் ஏறிக் குதித்தோம். மூன்றாவதற்கு அண்ணனின் ஏணியை எடுத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் நான் வாசல் பேச்சை எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தலைவர், "நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது" என்றார். கடைசியில் பயிற்சியாளரே மனமிரங்கி, அவருடைய கொள்கைக்கு மாறாக ஒரு யோசனை சொன்னார். ஆள் உயரத்தில் நாலு சுவரிலும் ஒவ்வொரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து மண்ணைப் போட்டுவிட்டால், பிறகு எந்தச் சட்டத்தின் கீழ் வேண்டுமானாலும் மண்ணை வெட்டி வாசல் எடுக்கலாம், மேலே உள்ளது விழாது. எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. அவ்வளவு நிம்மதியில் அதன் பிறகு வாசலைப் பற்றி என்னைத் தவிர யாரும் பேசவில்லை.

சுவர்கள் மட்டும் அழகாக வளர்ந்தன. அதை நான் மறுக்கமாட்டேன். அலுவலகத்தில் ஒரு பென்சிலைக் கூர்செய்யவும் ஆள் தேடுகிறவர்கள், உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுச் சுவரைத் தடவித் தடவி மினுக்கினார்கள். எதிர்க் குழுவின் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று தினமும் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எங்கள் சுவரில் மூன்று வெடிப்பு. மூன்றும் என் உருண்டைகளிலிருந்து வந்தவை என்று என் குழுவினர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

கடைசிப் படை வைத்த அன்று தலைவர் தன் சுவரின் உட்பக்கத்தை வழவழப்பாக்க ஏணி வழியாக உள்ளே இறங்கினார். அவர் தடவிக்கொண்டிருக்கையில், கூரைக்கு மூங்கில் கட்டுகிறவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏணி! ஏணிய வைங்கப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கண்டக்டர் சுவரில் வாயை வைத்துக் கத்தினார். "தலைவரே, வாசலப் பத்தி அடுத்த கூட்டத்த அங்கேயே வைங்க! சீக்கிரம் முடிவு வரும்!"

"வெளாடாதீங்க. எனக்கு மூச்சு முட்டுது."

"உள்ள நல்லாத் தள்ளி நில்லுங்க, எடம் இருக்குது!"

ஏணி வைத்தோம். தலைவர் வெளியே வந்ததும், எங்கள் குரல் உள்ளே எவ்வளவு கணீரென்று கேட்கிறது தெரியுமா என்று சொன்னார். மண்ணின் சிறப்பாம். அந்தச் சூட்டோடு சூடாக நான் வாசலைக் கேட்டேன். "விழாவுக்கு முன்னால ஒரு முடிவு எடுத்துடலாமா தலைவரே? என் சம்சாரம் வருது."

"அவசரக் கூட்டம்னா ஏழு நாள் முன்னறிவிப்பு வேணும் தம்பி. விழாவே வர்ற ஞாயித்துக்கிழமை."

அந்த வாரம் நான் தூங்கவில்லை. நானே ஒரு மண்வெட்டியை எடுத்து வெட்டிவிடலாம்தான். எங்கள் சுவரை வெட்டினால் குழு என்னை மன்னிக்காது. பிறர் சுவரை வெட்டினால் மன்றமே மன்னிக்காது. வெட்டாவிட்டால் மனைவி. மூன்று பக்கமும் எண்ணிப் பார்த்தும் கணக்குச் சரிவரவில்லை.

விழா நாளில் வாழைமரம் கட்டினார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள். சிவப்பு ரிப்பன் வந்து சேர்ந்தது. அதை எந்தப் பக்கம் கட்டுவது? வாசல் இருக்கும் பக்கம்தானே கட்ட வேண்டும்? தலைவர் கொஞ்சம் யோசித்து, கட்டடத்தைச் சுற்றியே கட்டச் சொல்லிவிட்டார். பொட்டலம் போல் ரிப்பன் சுற்றிய குசினி அத்தாப்புக் கூரையோடு நின்றது. பாத்திரக்கடைப் பெரியவர் சொங்கோக் தொப்பியும் பட்டுக் கைலியுமாக வந்தார். கத்தரிக்கோலை வாங்கி, பிஸ்மி சொல்லி, ரிப்பனை வெட்டினார். எல்லாரும் கைதட்டினோம். அவர் உள்ளே போக வலது காலை எடுத்தார். எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. சரி, அடுத்த பக்கம் போலும் என்று நினைத்து நடந்தார். நாங்களும் கைதட்டிக்கொண்டே பின்னால் நடந்தோம். ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்ததும் நின்றார்.

"என்னா தம்பிமாரே, தலவாசல் எங்க?"

"அது பரிசீலனையில் இருக்குதுங்க" என்றார் தலைவர்.

பெரியவர் பெருந்தன்மையானவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்களைப் பார்வையிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, வீட்டைப் பார்த்த சுவருக்கு முதல் பரிசு என்று அறிவித்தார். தலைவர் குழுவின் சுவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கண்ணாடி போல இருந்தது. ஐந்தடுக்குச் சட்டியைத் தலைவர் இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அவர் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில்தான் என் மனைவி கொல்லைக்குள் வந்தாள். இடுப்பில் பிள்ளை. பின்னால் மாமனார், தலையில் தகரப் பெட்டி.

கூட்டம் விலகி வழிவிட்டது. அண்ணி தன் குசினிச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அது என்னை யாரென்று பார்த்துவிட்டு அலறியது. அலறிய வாயில் இரண்டு பல். போன தடவை நான் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. என் பிள்ளைக்கு நான் இல்லாமலே இரண்டு பல் முளைத்துவிட்டது.

மனைவி கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாமனாரும் பெட்டியோடு பின்னாலேயே சுற்றினார்.

"மாப்பிள்ளை, இதுக்கு வாசல்?"

"இன்னும் தீர்மானம் ஆகல மாமா."

அவர் பெட்டியைக் கீழே இறக்குவது போல் குனிந்தவர், மறுபடி நிமிர்ந்து நேராகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அது தரையைத் தொட்டால் அவள் இருப்பாள். தொடாவிட்டால் அடுத்த பஸ்.

"உள்ள யாரும் போகவே இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"போனோம். ஏணி வச்சு."

"அப்ப நான் ஒரு கையில பிள்ளை, ஒரு கையில கொழம்புச் சட்டியோட தெனம் ஏணி ஏறணும்?"

சிரிப்பு வெடித்தது. செட்டி நண்பர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை என் காதருகே அழுதுகொண்டிருந்தது. நான் அவளை ஒரு பக்கமாக அழைத்து, "கிணத்துப் பக்கம் வெட்டிடலாம். தண்ணி கிட்ட. அண்ணி மூஞ்சியும் தெரியாது. எங்க சுவருதான், நான் பேசிக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் எடுத்த துணிச்சலான முடிவு அது. என் குழுவின் மற்ற மூவரும் முறைத்தார்கள்.

அவள் கேட்கவில்லை. நேராகப் போய், பரிசு பெற்ற சுவரில் கையை வைத்தாள்.

"இங்க வெட்டுங்க."

தலைவர் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "அது முதல் பரிசுச் சுவரும்மா! மத்த மூணு சுவருல எது வேணாலும் எடுத்துக்கங்க. இல்லாட்டி முறைப்படி ஒரு கூட்டம் போட்டு..."

"இங்க சமைக்கப் போறது யாரு? மன்றமா?"

"இல்லம்மா, ஆனா ஒரு தீர்மானம்..."

"நான்தானே? அப்ப தீர்மானம் ஆயிடுச்சு."

பாத்திரக்கடைப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "குடுத்த பரிசு குடுத்ததுதான் தம்பி. சட்டியத் திருப்பிக் கேக்க மாட்டேன். வெட்டச் சொல்லுங்க."

மற்ற மூன்று குழுக்களிலும், பிள்ளையை வைத்திருந்த என்னைத் தவிர்த்து, பதினொரு பேர் இத்தனை வாரங்களில் காட்டாத வேகத்தை அன்று காட்டினார்கள். மண்வெட்டி எங்கே, பாராங் கத்தி எங்கே என்று ஓடினார்கள். கண்டக்டர் தன் இடது கால் புண்ணை மறந்து முதல் வெட்டை வெட்டினார். பயிற்சியாளர் விசில் ஊதி, "இப்படித்தான்! பயன்படுத்துறவங்க முடிவு எடுக்கணும். இதுக்குத்தான் நான் இத்தனை வாரமா காத்திருந்தேன்" என்றார். அவர் காத்திருந்ததை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியின் அடுக்குகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். சட்டத்தின் கீழே மண் இறங்கி இறங்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் உள்ளே போனது. மேலே இருந்த சுவர் அசையவில்லை.

மாமனார் குழம்பிப் போயிருந்தார். "ஏம்மா, தனி அடுப்பு தனி அடுப்புன்னு அழுத. இப்ப அவங்க குசினியப் பார்த்தாப்பல வாசல் வைக்கிறியே?"

"தனி அடுப்புதானே கேட்டேன்பா? தனியா குந்திக்கிட்டிருக்கவா கேட்டேன்? முதுகக் காட்டிக்கிட்டுச் சமைச்சா அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பெட்டியை இறக்கி, வெட்டிப் போட்ட மண் குவியலின் மேல் வைத்தார். சுவரின் உள்மண் இன்னும் ஈரம், பெட்டி ஒரு விரற்கடை அமிழ்ந்தது.

விருந்தினர் போன பிறகு, வாசலின் ஓரங்கள் பிசிறு பிசிறாக இருக்கும்போதே மனைவி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டாள். காய்ந்தபின் மூட்டலாம், புகை சுவரில் ஏறும், பச்சை மண் வெடிக்கும் என்று நான் சொன்ன ஏழு காரணங்களில் ஒன்றையும் அவள் கேட்கவில்லை. எதிரே பன்னிரண்டடி தூரத்தில் அண்ணியின் குசினி. அண்ணி அடுப்பைப் பார்க்காமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தன் அடுப்பைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான் பிள்ளையோடு நின்றேன்.

"அக்கா" என்றாள் என் மனைவி திடீரென்று. "உங்க சோறு பொங்கி வழியுது. பின்னால பாருங்க."

அண்ணி திரும்பி ஓடினார். மூடி விழும் சத்தமும் சாம்பல் சீறும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்துக் கையில் அகப்பையோடு மறுபடி சன்னலுக்கு வந்தார்.

"என் சோத்தப் பார்க்கத்தான் இங்கிட்டு வாசல் வச்சியா?"

"பின்ன? நீங்களும் இவ்வளவு நேரம் என் அடுப்பத்தானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"வெறகு ஈரம்டி அது. தம்பிக்கு வெறகு பார்த்து வாங்கத் தெரியாது. இரு, நான் நல்லதா நாலு கட்டை தாரேன்."

ஐந்து கட்டை கொண்டுவந்து கொடுத்தார்.